விதவையின் குடமும் கன்னிகைகளின் தீவட்டியும்

வேதாகமத்தில் (பைபிளில்) எண்ணெய் என்றதும் எனக்கு இரண்டு காட்சிகள்தான் கண்முன் வரும். 2 இராஜாக்கள் 4-ல், கடனுக்காகப் பிள்ளைகளை அடிமைகளாக இழக்கப்போகும் விதவை. வீட்டில் மிச்சம் ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் வெறும்பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்றுகிறாள். பிள்ளைகள் எடுத்து எடுத்துக் கொடுக்கிறார்கள். பாத்திரம் தீர்ந்ததும்தான் எண்ணெய் நின்றது.

மத்தேயு 25 இதற்கு நேர்மாறு. மணவாளனை எதிர்கொள்ளத் தீவட்டியோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளில், கூடுதல் எண்ணெய் கொண்டுவராத ஐந்து பேர் நடுராத்திரியில் மற்றவர்களிடம் எண்ணெய் கேட்கிறார்கள். மற்ற ஐவரும் கொடுக்கவில்லை. சிறுவயதில் அது கல்நெஞ்சாகத் தோன்றியது. ஆயத்தத்தை இரவல் தர முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

ஆனாலும் கையில் காசில்லாத மாதக்கடைசியில் நான் திறப்பது விதவையின் பக்கத்தைத்தான். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவளிடம் எலிசா தீர்க்கதரிசி கேட்டாரே, அந்தக் கேள்விக்காக.