முதலாளி இல்லாமல் கிரீன் கார்ட்: என்.ஐ.டபிள்யூ. சுய விண்ணப்பம், திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

தொழில் வழியாக அமெரிக்க நிரந்தர வதிவிடம் தேடுவோர் வழக்கமாக ஒரு முதலாளியின் கையைப் பார்த்திருக்க வேண்டும். அவர் விளம்பரம் போட்டு, தொழில் திணைக்களச் சான்றிதழ் எடுத்த பிறகுதான் விண்ணப்பமே போகும். இந்தச் சிக்கல் இல்லாமல், ஆளே தனக்காகக் குடியேற்ற மனுவான ஐ-140 படிவத்தை நிரப்பி அனுப்பும் வழிகள் இரண்டு உண்டு: அசாதாரணத் திறமையாளருக்கான ஈ.பி.-1ஏ பிரிவு, உயர்பட்டதாரிகளுக்கும் விசேட திறமையாளருக்குமான ஈ.பி.-2 பிரிவில் வரும் தேசிய நலன் விலக்கு. இரண்டாவதைத்தான் எல்லோரும் என்.ஐ.டபிள்யூ. என்கிறார்கள். கோணேசபுரி வளாக விரிவுரையாளர், துறைமுகப் பொறியியலாளர் போன்றோருக்குக் கைக்கெட்டுவது பெரும்பாலும் இதுதான்.

முதலில் காசு. படிவக் கட்டணம் 715 டொலர். 2024 ஏப்ரல் முதல் புகலிடத் திட்டக் கட்டணம் என்று இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. முதலாளிகளுக்கு அது 600, தானே விண்ணப்பிப்பவருக்கு 300. மொத்தம் 1,015 டொலர். கிடைக்கக்கூடிய பயனுக்கு இது மலிவுதான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டக்கூடாது, தனித்தனியாகக் கட்ட வேண்டும். படிவத்தின் ஐந்தாம் பகுதியில் விண்ணப்பதாரர் 'தானே' என்ற பெட்டியை அடையாளமிடவும் வேண்டும். தொகை பிசகினால் கட்டு அப்படியே திரும்பி வரும்.

உண்மையான இடைஞ்சல் தொகையில் இல்லை, கட்டும் முறையில் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 28க்குப் பிறகு காசோலையும் மணி ஓர்டரும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஜி-1450 படிவத்தில் அட்டை விவரம் எழுதி அனுப்ப வேண்டும், அல்லது ஜி-1650 படிவம் மூலம் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து கட்ட வேண்டும். அட்டை என்றால் அது அமெரிக்க வங்கி ஒன்று வழங்கியதாக இருக்க வேண்டும். திருகோணமலை வங்கிக் கிளையில் எடுத்த கிரடிட் கார்ட் எவ்வளவு பெரிய வரம்புள்ளதானாலும் இங்கே உதவாது. அங்கே இருக்கும் நண்பரோ உறவினரோ தன் அட்டையால் கட்டலாம். ஜி-1450இல் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். கட்டணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜி-1450. பொதியைக் கட்டும் நாளில் இது நினைவுக்கு வந்தால் இரண்டு வாரம் வீண்.

இனி, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுச் சேவை எதை நிறுத்துப் பார்க்கிறது என்பது. பலர் பட்டம், பதவி, விருதுகளை அடுக்கி அனுப்பிவிட்டு மறுப்பு வாங்குகிறார்கள். 2016 டிசம்பரில் வந்த டனசார் தீர்ப்பின்படி மூன்று விடயங்கள் பார்க்கப்படும். செய்யப்போகும் முயற்சிக்குக் கனமும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுக்கத் தகுந்த ஆள்தானா? வேலை வாய்ப்புக் கடிதத்தைக் கேட்காமல் விடுவது அமெரிக்காவுக்கு நன்மையா? விழுகிறவர்களில் பலர் முதலாவதிலேயே விழுகிறார்கள். அந்த டனசார் வழக்கிலேயே விண்ணப்பதாரரின் அதிவேக உந்துவிசை ஆய்வு தேசிய முக்கியத்துவம் உள்ளதாக ஏற்கப்பட்டது, அவர் கற்பிப்பது அப்படி ஏற்கப்படவில்லை. நம்முடைய விரிவுரையாளர்கள் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

தொழில் வேறு, முயற்சி வேறு. கொட்டியாரக் குடாவில் கண்டல் தாவரம் ஆராய்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். "கரையோரச் சூழலியலாளராகப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணிபுரிவேன்" என்று எழுதினால் அது தொழில். கோப்பு அத்தோடு சரி. "உப்புச்செறிவுக்கேற்ற கண்டல் நாற்றுகளைத் தெரிவுசெய்யும் முறையைப் புளோரிடா கரையில் சோதிப்பேன், புயலலை அரிப்பைத் தடுக்கும் மாநிலத் திட்டங்கள் எடுத்துப் பயன்படுத்தத்தக்க கையேடாக அதை வெளியிடுவேன்" என்று எழுதினால் அது முயற்சி. பிறகு அதற்குக் கால அட்டவணை, அங்குள்ள ஆய்வாளர் ஒருவரோடு நடந்த கடிதத் தொடர்பு, முன்பு செய்த வேலையை வேறெவராவது பயன்படுத்தியதற்கான சான்று எல்லாம் பின்னால் நிற்க வேண்டும். குடாவுக்குக் கிடைத்த நன்மையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது இலங்கையின் தேசிய நலன், அவர்களுடையதல்ல.

பட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஈ.பி.-2க்கு முதுமாணி வேண்டும், அல்லது இளமாணியும் அதற்குப் பிந்திய ஐந்து வருடப் படிப்படியான அனுபவமும் வேண்டும். நம்முடைய நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. மூன்று வருடப் பொதுப் பட்டம் தனியே நின்றால் அமெரிக்க இளமாணிக்குச் சமம் என்று மதிப்பீடு வருவது கடினம். டிப்ளோமாவையும் அனுபவத்தையும் ஒட்டுப்போட்டு ஒரு இளமாணியாகக் காட்டினாலும் ஈ.பி.-2இல் எடுபடாது. அப்படிப்பட்டவர்கள் 'விசேட திறமை' என்ற வாசலால் போகலாம். ஆறு அளவுகோல்களில் மூன்று போதும்: பத்து வருட முழுநேர அனுபவக் கடிதம், தொழில் அனுமதிப்பத்திரம், தொழில்சார் நிறுவன அங்கத்துவம் முதலியவை. ஆனால் பத்து வருடம் என்றால் கடிதத்தில் திகதிகளும் முழுநேரம் என்ற சொல்லும் கடமைகளும் இருக்க வேண்டும். "இவர் நல்லொழுக்கமுடையவர்" என்று முடியும் நமது வழக்கமான சேவைச் சான்றிதழ் கணக்கில் வராது.

பரிந்துரைக் கடிதங்களுக்கும் இதே கதிதான். விண்ணப்பதாரரே ஆறு கடிதமும் எழுதி, ஆறு பேரிடம் கையெழுத்து வாங்கினால் ஒரே சொற்றொடர் எல்லாவற்றிலும் தலைகாட்டும். கூட வேலை செய்யாத, வேலையை மட்டும் அறிந்த ஒருவருடைய கடிதம் சொந்த மேற்பார்வையாளரின் மூன்று கடிதங்களுக்குச் சமம்.

வரிசைக்கு வருவோம். குறை சொல்ல வேண்டிய பெரிய இடம் இது. ஐ-140 அங்கீகாரம் விசா அல்ல. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளே முன்னுரிமைத் திகதி, அதற்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 2025 ஓகஸ்ட் விசா பட்டியலில் இலங்கை அடங்கும் பொது வரிசையில் ஈ.பி.-2, 2023 செப்டெம்பர் 1இல் நின்றது. இந்திய வரிசை 2013 ஜனவரி 1இல். எந்த வரிசை என்பதைத் தீர்மானிப்பது பிறந்த நாடு, குடியுரிமை அல்ல. மண்டபம் முகாமில் பிறந்து, பெற்றோரோடு திருகோணமலைக்குத் திரும்பி, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் பொதுவாக இந்திய வரிசையில்தான் சேர்வார். கூட விண்ணப்பிக்கும் கணவனோ மனைவியோ இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய நாட்டு வரிசையைக் கேட்டுப் பெறலாம். முகவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இதனால்தான் ஏறத்தாழ 3,000 டொலர் கொடுத்து 'பிரீமியம்' என்ற விரைவுப் பரிசீலனையை எடுப்பது இங்கிருப்பவருக்குப் பெரும்பாலும் வீண்செலவு. என்.ஐ.டபிள்யூ.க்கு 45 வேலைநாளில் பதில் வரும், உண்மை. வரிசை ஒரு நாள்கூட முன்னே நகராது. 21 வயதை நெருங்கும் பிள்ளை இருந்தால் பாதகமும் உண்டு. ஐ-140 நிலுவையில் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிப்பார்கள். சீக்கிரம் முடிந்தால் கழிக்க நாள் இல்லை.

அச்சடிப்பதில் கவனம். கடையில் ஏ-4இல் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று போட்டுச் சுருக்கி விடுவார்கள். 100 வீத அளவு என்று சொல்லிக் கேட்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்புத் திகதி இருக்கும், எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். என்.ஐ.டபிள்யூ. என்றால் தொழில் திணைக்களப் படிவமான ஈ.டி.ஏ.-9089இன் பின்னிணைப்பு ஏ-யும் கையொப்பமிட்ட இறுதித் தீர்மானப் படிவமும் கூடவே போக வேண்டும், மறப்பவர்கள் அதிகம். கூரியரில் அனுப்பும் முகவரி தபாலில் அனுப்பும் முகவரியல்ல. மேலதிக ஆதாரம் கேட்டால் பதிலனுப்ப 84 நாள், வெளிநாட்டு முகவரிக்கு 14 நாள் கூட.

படிவத்தை நிரப்பித் தந்த முகவர் 'தயாரித்தவர்' பகுதியில் கையெழுத்துப் போட மறுத்தால் காசைத் திருப்பிக் கேளுங்கள். செலவழிக்கத் தகுந்தவை இரண்டே: பட்ட மதிப்பீடு, முயற்சித் திட்டத்தை ஒருதரம் வாசித்துச் சொல்ல அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவர்.

முறை வந்த பின் டி.எஸ்.-260 என்ற விசா விண்ணப்பம், ஆளுக்கு 345 டொலர், மருத்துவப் பரிசோதனை, கொழும்புத் தூதரக நேர்முகம். கட்டாரிலோ சவூதியிலோ 16 வயதுக்குப் பிறகு ஒரு வருடம் இருந்திருந்தால் அந்நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். அதை இங்கிருந்து எடுப்பது பெரிய அலைச்சல். பட்டச் சான்றிதழில் தந்தை பெயர் முதலெழுத்தாகவும் கடவுச்சீட்டில் முழுதாகவும் இருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைக்கவும். வேலைக் கடிதம் கேட்டால் பதறத் தேவையில்லை. ஐ-140இல் எழுதிய அதே முயற்சியை அங்கே போய்ச் செய்வேன் என்று ஒரு பக்கக் கூற்று, கையொப்பத்துடன், கோப்பின் மேலே இருக்கட்டும்.