கணங்கள் ஒர்க்புக்: வட்டத்துக்கு முழு மார்க், விடைப்பக்கத்துக்கு முட்டை

பையன் ஒன்பதாவது. கணக்குல முதல் பாடமே கண மொழி (இங்கிலீஷ்ல செட்ஸ்), அதுல வர்ற வார்த்தைக் கணக்குக்குன்னே தனியா ஒரு ஒர்க்புக் வாங்கினேன், 120 ரூபா, கம்பெனி பேரு வேணாம் விடுங்க.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். பக்கத்துக்கு ஒரு கணக்கு தான், கீழ வென் படத்துக்கு, அதாவது ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிற வட்டங்களுக்கு, வட்டத்த பெருசா போட்டு காலியா விட்டுருக்காங்க, மூணு வட்டம் வந்தாலும் ஏழு பகுதிக்குள்ளயும் நம்பர் எழுத தாராளமா இடம் இருக்கு. எடுத்த எடுப்புல ஃபார்முலாவ தலையில கொட்டாம நடுவுல ஆரம்பிச்சு வெளிய வர பழக்குறாங்க. ஒரு கணக்கு பாருங்க, ஹாஸ்டல்ல 90 பேரு, கிரிக்கெட் 50, கபடி 40, வாலிபால் 30, கிரிக்கெட்டும் கபடியும் 20, கபடியும் வாலிபாலும் 12, கிரிக்கெட்டும் வாலிபாலும் 10, மூணும் 5. பசங்க அந்த 20ஐ அப்படியே தூக்கி எழுதிடுவாங்க, அதுக்குள்ளயே மூணும் ஆடுற 5 பேரும் இருக்காங்கன்னு தோணாது. நடுவுல 5 போட்டுட்டா அந்த எடத்துக்கு 15 தான் மிச்சம், மத்த ரெண்டுக்கும் 7, 5, அப்புறம் கிரிக்கெட் மட்டும் 25, கபடி மட்டும் 13, வாலிபால் மட்டும் 13. மொத்தம் 83, எதுவும் ஆடாதவங்க 7 பேர். "மட்டும்"ங்குறத எல்லா கணக்குலயும் கொட்டை எழுத்துல போட்டுருக்காங்க பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம்.

இப்ப வயித்தெரிச்சல். ரெண்டு வட்டப் பகுதில ஒரு கணக்கு: 40 பேர்ல டீ குடிக்கிறவங்க 25, காபி 20, ரெண்டும் குடிக்கிறவங்க 22, ரெண்டும் வேணாங்குறவங்க எத்தன பேரு. விடைப்பக்கத்துல 17. ஃபார்முலால போட்டா 25ம் 20ம் 45, அதுல 22 போக 23, 40ல கழிச்சா டான்னு 17 வந்துடுது, டிக் அடிச்சுட்டு போயிடலாம். பையன் வட்டத்துல நிரப்பிட்டு "அம்மா, காபி மட்டும் குடிக்கிறவங்க மைனஸ் ரெண்டு பேராம்"னு சிரிக்கிறான். காபி குடிக்கிறதே 20 பேருன்னா ரெண்டும் குடிக்கிறவங்க 22 எங்கருந்து வந்தாங்க? படம் போடத்தான புக்கே போட்டீங்க, நீங்க ஒரு தடவ போட்டு பாத்திருக்க கூடாதா!

பின் அட்டைல, இந்த வட்டப் படத்துக்கு யார் பேர வெச்சாங்களோ அந்த ஜான் வென் போட்டோவும் 1834, 1923ன்னு வருஷமும் மட்டும் இருக்கு. மனுஷன் கிரிக்கெட் பந்து போடுற மெஷின் கூட செஞ்சவரு, 1909ல கேம்பிரிட்ஜ் வந்த ஆஸ்திரேலியா டீம் ஆளயே அது போல்டு ஆக்கிச்சுனு சொல்வாங்க. அத போட்டுருந்தா பசங்க அட்டையவாவது படிச்சிருப்பாங்க.

மூணு வட்டத்துல குழம்புற பிள்ளைங்களுக்கு வாங்கலாம், விடைப்பக்கத்த மட்டும் கிழிச்சு வெச்சுக்கோங்க. ஆங், பேப்பர் ரொம்ப மெல்லிசு, ரப்பர் போட்டு ரெண்டு தேய் தேய்ச்சா வட்டத்தோட நடுவுல ஓட்ட விழுந்துடுது.