எக்செல் கன்வெர்ட் ஃபங்ஷன்: ஃப்ளோ ரேட் கணக்குக்குச் சரிப்படுமா?

ஒரு யூனிட்டில் இருக்கும் எண்ணை இன்னொரு யூனிட்டுக்கு மாற்றித் தரும் எக்செல்லின் கன்வெர்ட் ஃபங்ஷனில் நீளம், அழுத்தம், வேகம், கன அளவு என்று வரிசையாக யூனிட் கோடுகள் (code, யூனிட்டைக் குறிக்கும் சுருக்கெழுத்துகள்) உண்டு. ஃப்ளோ ரேட்டுக்கென்று, அதாவது குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு பாய்கிறது என்ற அளவுக்கென்று, தனியாக ஒன்றும் இல்லை. விண்டோஸ் கால்குலேட்டரின் யூனிட் பட்டியலிலும் இதே நிலைதான். அதனால் கனமீட்டர்/மணியை எல்பிஎம் (லிட்டர்/நிமிடம்) ஆக்க கன்வெர்ட்டை இரண்டு முறை கூப்பிட வேண்டும்: கனமீட்டரை லிட்டராக்க ஒன்று, மணியை நிமிடமாக்க ஒன்று. முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். பம்ப் நேம்பிளேட்டில் 18 கனமீட்டர்/மணி என்றிருந்தால் 18,000 லிட்டரை 60ஆல் வகுத்து 300 எல்பிஎம். லிட்டர்/வினாடியில் 5.

சிக்கல் அந்த வகுத்தலில்தான். நேரம் கீழே இருப்பதை மறந்து பெருக்கிவிட்டால் 300க்குப் பதில் 10,80,000 வரும், அதாவது 3,600 மடங்கு. வினாடிக்கு மாற்றும்போது இதே தவறு 1,29,60,000 மடங்காகிவிடும். லிட்டர் கோடு போட வேண்டிய இடத்தில் நிமிடக் கோடு போட்டால் எக்செல் உடனே என்/ஏ பிழை காட்டும். கோடில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து மாறினாலும் பெரும்பாலும் அதே பிழைதான். ஆனால் பெருக்கினோமா வகுத்தோமா என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் ஒரு நேரத்தில் பாதிக் கணக்கைத்தான் அது பார்க்கிறது. தப்பான எண் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஷீட்டில் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வேகப் பட்டியலில் மீட்டர்/மணி, மீட்டர்/வினாடி இரண்டுக்கும் கோடு இருக்கிறது. லிட்டராக்கிய எண்ணை அதே செல்லில் மீட்டர்/மணியிலிருந்து மீட்டர்/வினாடிக்கு மாற்றச் சொன்னால், எக்செல்லே 3,600ஆல் வகுத்துவிடும். திசை தவற வழியில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் நிமிடத்துக்குக் கோடு இல்லாததால் எல்பிஎம் வேண்டுமானால் கடைசியில் 60ஆல் பெருக்க வேண்டும். லிட்டருக்கு ஏன் மீட்டர் கோடு என்று அடுத்தவர் குழம்பாமல் இருக்க செல்லில் ஒரு கமென்ட் போட்டுவிடுங்கள்.

தினமும் இந்த வேலை என்றால் கன்வெர்ட்டையே விட்டுவிடலாம், ஒரு சின்னப் பட்டியல் அதைவிட உருப்படியானது. எல்லா யூனிட்டையும் கனமீட்டர்/மணிக்கு எதிராக எழுதி வையுங்கள்: லிட்டர்/வினாடி 3.6, எல்பிஎம் 0.06, எல்பிஎச் (லிட்டர்/மணி) 0.001, கனமீட்டர்/வினாடி 3,600, கனமீட்டர்/நாள் 1/24, எம்எல்டி (நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர்) 1000/24. கையிலிருக்கும் யூனிட்டின் எண்ணால் பெருக்கி, வேண்டிய யூனிட்டின் எண்ணால் வகுத்தால் முடிந்தது. கடைசி இரண்டையும் பின்னமாகவே டைப் செய்யுங்கள். 41.67 என்று ரவுண்ட் செய்வதில் பெரிய நஷ்டம் இல்லை என்றாலும், கனமீட்டர்/மணியை லிட்டர்/வினாடியாக்கும் 0.27778ஐ (1/3.6) 0.28 என்று சுருக்கும் பழக்கம் 0.8 சதவீதப் பிழையைக் கொண்டுவரும். நல்ல மின்காந்த ஃப்ளோ மீட்டரின் பிழையே அதைவிடக் குறைவு.

இன்னொன்று: எண்ணோடு யூனிட்டையும் சேர்த்து ஒரே செல்லில் அடித்தால் கன்வெர்ட் அதை உரையாக எடுத்துக்கொண்டு வேல்யூ பிழை தரும். யூனிட்டை எழுதப் பக்கத்து நெடுவரிசை (column) போதும்.

வாயு விஷயத்தில் கன்வெர்ட்டும் உதவாது, மேலே சொன்ன பட்டியலும் உதவாது. நார்மல் கனமீட்டர் என்பது 0 டிகிரி, 1.01325 பார் நிலைக்கான அளவு. 100 நார்மல் கனமீட்டர்/மணி காற்று 7 பார் கேஜ் அழுத்தத்தில், 40 டிகிரியில் பைப்பில் ஓடும்போது உண்மையில் சுமார் 14.5 கனமீட்டர்/மணிதான். அழுத்தத்தை ஆப்சல்யூட்டாகவும் (கேஜ் அழுத்தத்தோடு வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, இங்கே 8.013 பார்), வெப்பநிலையைக் கெல்வினிலும் வைத்து விகிதம் எடுத்த பிறகுதான் லிட்டர், நிமிடம் பற்றிப் பேச முடியும்.