மின்சாரக் கார் ஸ்பீக்கரில் இரைச்சல்: காரைக்குடி ஆடியோ கடையா, மதுரை சர்வீஸா?

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது கானாடுகாத்தானில். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது ஆத்தா கைப்பையை மறந்து வைத்துவிட்டார். எடுத்து வரட்டும் என்று தெருவோரம் காத்திருந்தேன். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள், ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. பாட்டையும் நிறுத்தியிருந்தேன், ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கக் கதவு ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய ‘ங்ங்ங்’. ஆத்தா வந்து ஏறியதும் வண்டியை நகர்த்தினேன். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. ஊர் வந்து சேரும்வரை வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

விசாரித்தபோது மூன்று வழி சொன்னார்கள். காரைக்குடியில் கார் ஆடியோ கடையில் காட்டலாம், மதுரையில் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோகலாம், அல்லது வீட்டிலேயே நாமே சோதித்துப் பார்க்கலாம். நான் மூன்று வாசலையும் மிதித்துவிட்டேன். வாரண்டி உள்ள மின்சாரக் கார் என்றால், வீட்டில் நாலைந்து நாள் சோதித்து எழுதி வைத்துக்கொண்டு, அந்தத் தாளோடு கம்பெனி சர்வீஸுக்குப் போவதுதான் சரி என்பது என் முடிவு. ஆடியோ கடைக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் முதல் இடம் அதற்கு இல்லை.

கடையிலிருந்து தொடங்குகிறேன். பழைய பெட்ரோல் காருக்கு அங்கேதான் செட் மாற்றினேன், ஸ்பீக்கர் மாற்றினேன், ஒரு குறையும் இல்லை. இந்த வண்டியைக் கொண்டுபோனதும், “அண்ணே, ஆல்டர்னேட்டர் சத்தம் இப்படித்தான் வரும், ஃபில்டர் போட்டாப் போயிரும்” என்றார் கடைத்தம்பி. பெட்ரோல் வண்டிக்கு அது சரியான பதில். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் சுழற்ற, கரண்டு தயாரித்துக் கொடுக்கும் கருவி. மின்சாரக் காரில் அதுவே கிடையாது. பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தை டிசி-டிசி கன்வெர்ட்டர் இறக்கி, 12 வோல்ட் சிறிய பேட்டரிக்குக் கொடுக்கிறது. பாட்டுப் பெட்டி ஓடுவது அந்த 12 வோல்ட்டில். கன்வெர்ட்டரும் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகின்றன. எர்த் சரியாக உட்காராத இடம் ஒன்று இருந்தால் அந்த வெட்டல் ஸ்பீக்கர் வழியாகக் காதுக்கு வந்துவிடும். இதை நான் சொன்னதும், “அப்ப செட்டையே கழட்டிட்டுப் புது ஆண்ட்ராய்டு செட் போட்டுறலாம்ணே” என்றார். நான் பின்வாங்கியது அந்த இடத்தில்தான்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான். பழைய காரில் பாட்டுப் பெட்டி ஒரு தனிப்பெட்டி. கரண்டு, எர்த், ஸ்பீக்கர் ஒயர்கள், ஆன்டெனா, அவ்வளவுதான். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம், கார் கண்டுகொள்ளாது. மின்சாரக் காரில் பாட்டு ஓடும் திரை வண்டியோடு பின்னிப் பிணைந்தது. ரிவர்ஸ் கேமரா அதில் தெரிகிறது. சார்ஜ் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், எத்தனை சதவீதத்தில் நிற்க வேண்டும் என்பதை என் வண்டியில் அதில்தான் வைக்கிறேன். ஏசி அதில், சாஃப்ட்வேர் அப்டேட் அதன் வழியாக. அதைக் கழற்றினால் போவது பாட்டு மட்டுமல்ல, இவையும்தான்.

செட்டை மாற்றாமல் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் மட்டும் போட்டாலும் ஒயரை வெட்டி ஒட்டத்தான் வேண்டும். நாளைக்கு வேறொரு மின்கோளாறு வந்து கம்பெனிக்குப் போனால், டேப் சுற்றிய ஒயரைக் காட்டி, “வெளியில் கை வைத்திருக்கிறீர்கள்” என்பார்கள். நியாயமோ இல்லையோ, அந்த வாக்குவாதத்தில் நம் கை தாழ்ந்துவிடும். நம் நாட்டில் மின்சாரக் காரின் பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிறார்கள். வண்டியிலேயே விலை கூடிய உறுப்பு அது. அதன் வாரண்டியைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வைத்திருப்பதைவிட ஒரு ஸ்பீக்கர் இரைச்சல் பெரிதல்ல. விற்கும்போதும் அப்படித்தான், வெட்டுப்படாத ஒயருக்குத் தனி மதிப்பு. இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: ஆரஞ்சு நிற ஒயரில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். சில வண்டிகளில் ஹீட்டருக்காக அது டாஷ்போர்டு பக்கமே வருகிறது. அதில் பயிற்சி இல்லாதவர் கை அங்கே போகக்கூடாது.

அப்படியானால் நேராக மதுரைக்கு ஓடலாமா என்றால், அதுவும் தப்பு. நான் ஓடினேன். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாகச் சுமார் 90 கி.மீ., போக வர ஒரு நாள் காலி. வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம், “சத்தம் வரலை சார், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கோம்” என்று சாவியைக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, அவர்கள் வளாகத்தில் சத்தம் வரவில்லைதான். திரும்பும் வழியில் திருப்பத்தூர் தாண்டியதும் ‘ங்ங்ங்’ வந்துவிட்டது. எப்போது வரும், எப்போது வராது என்று எனக்கே தெரியாத ஒன்றை அவர்கள் எப்படிப் பிடிப்பார்கள்?

அதற்கப்புறம்தான் வீட்டுச் சோதனையில் முறையாக இறங்கினேன். அணைத்துப் போடுவது, திரையை ரீசெட் செய்வது எல்லாம் எல்லோரும் செய்வதுதான், அதை விடுங்கள். முதலில் சிஸ்டத்தையே முழுதாக அணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கேட்டால் அது ஸ்பீக்கர் சத்தமே இல்லை. இன்ஜின் இரைச்சல் இல்லாத வண்டியில் எல்லாம் கேட்கும்: கிளப்பும்போது பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான காண்டாக்டர் போடும் ‘டக்’, ஏசி கம்ப்ரஸரின் முனகல், நிறுத்திய பிறகும் ஓடும் கூலன்ட் பம்ப். மெதுவாகப் போகும்போது வெளியே ஒரு ஊளை கேட்டால், நடந்து போகிறவர்களை எச்சரிக்கச் சில வண்டிகளில் வேண்டுமென்றே வைத்த ஒலி அது. மேலூர் ரோட்டில் திடீரென்று ‘பீப் பீப்’ வருகிறதென்றால் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி கட்டாயம்.

ஸ்பீக்கர் சத்தம்தான் என்று உறுதியானால், வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். வால்யூமோடு இரைச்சலும் கூடிக் குறைந்தால் அது பாட்டு வரும் பக்கத்திலிருந்து வருகிறது: போன், ரேடியோ, யூஎஸ்பி. பூஜ்யத்திலும் அதே அளவில் இருந்தால் கரண்டு, எர்த், ஆம்ப்ளிஃபயர் பக்கம். என்னை வழி திருப்பியது இந்த ஒரு சோதனைதான்.

என் வண்டியில் இரண்டு சத்தம் கலந்து கிடந்தது அப்போதுதான் புரிந்தது. கோடை பண்பலை 100.5 கேட்கும்போது வந்த ‘சொர்ர்’ ஒன்று. அது ரேடியோவில் மட்டும். டேஷ்கேம் அடாப்டரைச் சாக்கெட்டிலிருந்து உருவினேன், அந்த நொடியே குரல் பளிச்சென்று ஆனது. நல்ல அடாப்டர் வாங்கி, ஒயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டியதோடு அது முடிந்தது. அதற்காகச் சர்வீஸுக்குப் போயிருந்தால் வெட்டி அலைச்சல். மீடியம் வேவ் கதை வேறு. திருச்சி வானொலி 936 மாதிரி நிலையங்களில் வரும் இரைச்சலுக்கு மின்சாரக் காரின் எலெக்ட்ரானிக்ஸே காரணமாக இருக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் சில மின்சாரக் கார்களில் அந்த அலைவரிசையையே எடுத்துவிட்டன. புளூடூத்தில் ‘ஸ்ஸ்’ என்றால் போன் வால்யூமை முக்கால் வாசிக்கு ஏற்றிவிட்டுக் கார் வால்யூமைக் குறையுங்கள், பெரும்பாலும் அடங்கும்.

இரண்டாவது, அந்த ‘ங்ங்ங்’. வால்யூம் பூஜ்யத்திலும் இருந்தது, வலப்பக்கம் மட்டும். ஐந்து நாள் ஒரு தாளில் எழுதினேன்: நேரம், வேகம், ஏசி உண்டா, போன் சார்ஜில் இருந்ததா. ஏசி ஓடி, வேகம் 40ஐத் தாண்டினால் தவறாமல் வந்தது. ஏசி இல்லாமல் ஊருக்குள் போனால் வரவே இல்லை. மதுரை வளாகத்துக்குள் ஏன் வரவில்லை என்பதற்கும் அதுவே விடை. மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் பேட்டரியைப் பார்த்தேன். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6, ஆன் செய்தால் 14க்குப் பக்கம். ஆக பேட்டரியும் கன்வெர்ட்டரும் நல்ல நிலையில்தான் இருந்தன.

அந்தத் தாளோடும், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த வீடியோவோடும் இரண்டாவது தடவை போனேன். டெக்னீஷியன் தாளைப் படித்துவிட்டு, “வாங்க சார், ஒரு ரவுண்டு போவோம்” என்று கூடவே ஏறிக்கொண்டார். ஏசியைப் போட்டு 50இல் ஓட்டினேன். இரண்டு நிமிடத்தில் அவர் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்தார். டாஷ்போர்டின் கீழ்ப் பலகையைக் கழற்றியதும் ஒரு எர்த் போல்ட். வளையத்துக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, உலோகத்தோடு உலோகம் சேரவில்லை. சுரண்டி, துடைத்து, முறுக்கினார். பணம் வாங்கவில்லை. நான்கு மாதமாகச் சத்தமில்லை.

கடைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். கதவுப் பலகை அதிர்வது, ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து கரகரப்பது, இதற்கெல்லாம் நம்மூர்க் கடைதான் வேகம், விலையும் மலிவு. மச்சானின் பழைய காரில் போனைச் செட்டோடு இணைக்கும் ஆக்ஸ் ஒயரோடு சார்ஜரையும் மாட்டினால் கீச்சென்று வரும். அதே கடையில், எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் சிறிய கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரை நடுவில் செருகிக் கொடுத்தார்கள், ஒயர் எதையும் வெட்டாமல் சரியாகிவிட்டது. வாரண்டி முடிந்த மின்சாரக் காரில் நான் இன்னும் எதையும் செய்து பார்த்ததில்லை, அங்கே என் கணக்கு மாறலாம். தனி ஆம்ப்ளிஃபயர் வைத்த பெரிய வண்டிகளும் எனக்குப் பழக்கமில்லை.

சர்வீஸுக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள். வண்டியின் குறையை அவர்கள் எழுதும் ஜாப் கார்டில் ‘ஆடியோ செக்’ என்று ஒற்றை வரியில் எழுத விடாதீர்கள். எந்த ஸ்பீக்கர், எந்த வேகம், ஏசி ஓடும்போதா, வால்யூம் பூஜ்யத்திலும் கேட்கிறதா என்று நம் வார்த்தையில் எழுதச் சொல்லி, ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்தபிறகு அதே சத்தம் திரும்பினால், பழைய குறைதான் என்று காட்ட அந்தத் தாள் கையில் இருக்கும்.