கோல் டிராக்கிங் சாஃப்ட்வேர்: வாங்கலாம், ஆனா ரேங்கிங் பக்கத்தை ஆஃப் பண்ணிடுங்க

கோல் செட் பண்றது, வாராவாரம் ரிவ்யூ, வருஷக் கடைசி அப்ரைசல் எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சுக்கலாம்னு எங்க கம்பெனில ஒரு ஓகேஆர் (Objectives and Key Results, அதாவது குறிக்கோளும் அதை அளக்குற ரிசல்ட்டும்) சாஃப்ட்வேருக்கு சந்தா கட்டியிருக்காங்க, கஸ்டமர் சப்போர்ட் டீம் லீடா நான் தினமும் அதுலதான் வேலை பார்க்கிறேன். குறையும் சொல்லப்போறேன்ங்கிறதால சாஃப்ட்வேர் பேரைப் போடல. இந்த வகை சாஃப்ட்வேர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், வேற எதை வாங்கப் போறவங்களுக்கும் இது உதவும்.

கோல் எழுதுற பக்கம் நல்லா செஞ்சிருக்காங்க. மேல ஒரு குறிக்கோள், கீழ அதை அளக்க மூணு நாலு ரிசல்ட். "கஸ்டமர் திருப்தியா இருக்கணும்"னு மட்டும் எழுதினா சேவ் ஆகாது, இப்ப எவ்ளோ இருக்கு, எவ்ளோவுக்கு கொண்டு போகணும், எந்த தேதிக்குள்ளன்னு கேட்கும். நாங்க "ஒரே புகார் திரும்ப வர்றது 12 சதவீதத்துல இருந்து 6 சதவீதமா குறையணும்"னு போட்டோம், அதுக்கப்புறம் டீம்ல பேச்சே மாறிடுச்சு, டிக்கெட்டை (பதிவான புகாரை) சீக்கிரம் மூடுறதுலயே குறியா இருந்தவங்க அது ஏன் திரும்ப வருதுன்னு தோண்ட ஆரம்பிச்சாங்க. இந்த முறை ஒண்ணும் நேத்து வந்தது இல்ல, குறிக்கோள் வெச்சு நிர்வாகம் பண்றதைப் பத்தி நிர்வாகவியல் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1954லயே எழுதிட்டார், இன்டெல்ல ஆண்டி க்ரோவ் அதை ஓகேஆரா மாத்தினார், அங்க வேலை பார்த்த ஜான் டோர் 1999ல கூகுளுக்கு கொண்டு போய் சொல்லிக் கொடுத்தார்.

பிடிக்காத ஒண்ணு, ஒரு கோலுக்கு எத்தனை பேரை வேணா ஓனரா போட விடுது. நாலு பேர் பேர் இருந்தா நாலு பேரும் மத்தவங்க பார்த்துப்பாங்கன்னு விட்டுடுவாங்க. ஸ்மார்ட் கோல் (தெளிவா, அளக்குற மாதிரி, காலக்கெடுவோட கோல் எழுதுற முறை) பத்தி 1981ல எழுதின ஜார்ஜ் டோரன், யார் செய்யப்போறாங்கன்னு குறிச்சிடணும்ங்கிறதையே ஒரு நிபந்தனையா வெச்சிருந்தார். நாங்க ஒரு கோலுக்கு ஒரு ஆள்னு நாங்களே ரூல் போட்டுக்கிட்டோம்.

காசு கொடுத்ததுக்கு உண்மையான பலன் வாராந்திர செக்-இன்தான். நம்பர் என்ன, முடிச்சிடலாம்ங்கிற நம்பிக்கை எவ்ளோ, எது தடையா இருக்கு, மூணே கேள்வி. நம்பர் பின்தங்கினா "அடுத்து என்ன மாத்தப் போறீங்க"ன்னு ஒரு பெட்டி வரும், அதை நிரப்பாம வெளிய வர முடியாது. நிறைய இடத்துல பிளான் போடுறதுக்கு பெரிய மீட்டிங் நடக்கும், அப்புறம் குவார்ட்டர் முடியுறப்பதான் திறந்து பார்ப்பாங்க, அப்ப பார்த்து என்ன பிரயோஜனம், திருத்துறதுக்கு நேரமே இருக்காது. பிரெஞ்சு நிர்வாகவியல் முன்னோடி ஹென்றி ஃபயோல் 1916லயே நிர்வாகத்தோட அஞ்சு வேலைல கட்டுப்பாட்டையும் ஒண்ணா சேர்த்துட்டார், கட்டுப்பாடுன்னா ஆளை மிரட்டுறது இல்ல, திட்டத்தையும் நடந்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து வேலையை திருத்துறது.

ஆனா டாஷ்போர்டு கலர் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. ஒரு வாரம் நம்பர் லேசா இறங்கினாலே சிவப்பு, உடனே மேல இருந்து போன். எந்த வேலைலயும் நம்பர் கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும், அது இயல்பான ஆட்டமா இல்ல நெஜமாவே ஏதோ கெட்டுப்போச்சான்னு பிரிச்சுப் பார்க்கத்தான் அமெரிக்க புள்ளியியல் நிபுணர் வால்டர் ஷூஹார்ட் 1924ல கன்ட்ரோல் சார்ட் கொண்டு வந்தார், சராசரிக்கு மேலயும் கீழயும் மூணு சிக்மா (சிக்மான்னா நம்பர் சராசரில இருந்து வழக்கமா எவ்ளோ விலகுதுங்கிற அளவு) தூரத்துல கோடு, அதுக்குள்ள ஆடினா பதறவேண்டாம், தாண்டினா காரணத்தை தேடணும். இவ்ளோ விலை வாங்குற சாஃப்ட்வேர்ல அது இல்ல! டேட்டாவை எக்ஸ்போர்ட் பண்ணி எக்செல்ல நாங்களே வரைஞ்சுக்கிறோம்.

ரேங்கிங் பக்கம்தான் ரொம்ப மோசம். ஒவ்வொருத்தர் ஸ்கோரையும் வரிசைப்படுத்தி எல்லாருக்கும் காட்டுது, போனஸோட இணைக்கவும் வழி வெச்சிருக்காங்க. கூகுள்ல ஒண்ணுக்கு 0.6, 0.7 வந்தாலே நல்ல ஸ்கோர்னு எடுத்துப்பாங்க, ஏன்னா கோலே எட்டிப் பிடிக்க கஷ்டமாத்தான் வைப்பாங்க. அதை சம்பளத்தோட கட்டிட்டா யார் கஷ்டமான கோல் எழுதுவா? எல்லாரும் கண்டிப்பா முடியுற நம்பரைத்தான் போடுவாங்க. டார்கெட் அழுத்தம் எல்லை மீறினா என்ன ஆகும்ங்கிறதுக்கு அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ பேங்க் இருக்கு, கஸ்டமருக்கே தெரியாம ஊழியர்கள் அக்கவுண்ட் திறந்து 2016ல அந்த பேங்குக்கு 185 மில்லியன் டாலர் அபராதம். நாங்க அட்மின்கிட்ட பேசி ரேங்கிங்கை எடுத்துட்டோம், கூடவே வேகத்தை அளக்குற ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் தரத்தை அளக்குற ஒண்ணை ஜோடியா வெச்சோம், க்ரோவும் இதைத்தான் சொன்னார். அதுக்கப்புறம் டீம்ல உள்ளதை உள்ளபடி எழுதுறாங்க.

மொபைல் ஆப் மெதுவாத்தான் ஓடுது. கம்பெனி கோல்ல இருந்து டீம் கோல் வரைக்கும் காட்டுற மரம் ரெண்டு மூணு கிளை தாண்டினா படிக்கவே முடியல.

ஒரே டீம், சின்ன ஆபீஸ்னா ஸ்ப்ரெட்ஷீட்டும் வாராவாரம் அரை மணி நேரமும் போதும், பல டீம் வேலை ஒண்ணையொண்ணு நம்பி இருந்தாத்தான் இது தேவை. டெமோல ஒண்ணு மட்டும் மறக்காம கேளுங்க, நடுவுல டார்கெட்டை மாத்தினா பழைய நம்பரும் மாத்தினவர் பேரும் பதிவுல நிக்குமான்னு. நிக்கலைன்னா குவார்ட்டர் கடைசில டார்கெட்டை இறக்கி எல்லாத்தையும் பச்சையாக்கிடலாம், யாருக்கும் தெரியாது. எங்களோடதுல நிக்குது, அதுக்காகவே சந்தாவை புதுப்பிக்கச் சொல்லியிருக்கேன்.