பழைய திங்க்பேட் டி480: ஒன்றரை வருஷம் தட்டிப் பார்த்த பிறகு

போன லேப்டாப்பில் முதலில் செத்தது எஃப் விசை. மற்றவர்களுக்கு அது இருபத்தாறில் ஒன்று. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அடிக்கிறவர்களுக்கு அதுதான் புள்ளி. புள்ளி இல்லாமல் ‘அவர்’ எப்படி எழுதுவது?

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். “கீபோர்டு தனியா வராது மேடம், மேல் பாடியோடதான் வரும். ஒன்பதாயிரத்து நானூறு ஆகும், மூணு வாரம் ஆகும்” என்றார் அங்கிருந்த பையன். கம்பெனி பேர் இங்கே வேண்டாம். மெல்லிசாக, அழகாக இருக்கும் எந்த லேப்டாப்பிலும் இந்தக் கதை நடக்கலாம். கீபோர்டை மேல் சட்டத்தோடு சேர்த்து அறைந்துவிடுகிறார்கள். ஒரு விசை போனால் பாதி உடம்பை மாற்ற வேண்டும்.

1998-ல் விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆரம்பித்தவள் நான். இப்போது வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன், பக்கம் அமைக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு மணி நேரம் விசைப்பலகையில்தான் விரல். அதனால் இந்த விமர்சனத்தில் கேம், வீடியோ எடிட்டிங் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

தம்பி மகன்தான் சொன்னான்: “அத்தை, புதுசு வேண்டாம். பழைய திங்க்பேட் பாருங்க. டி480.” திங்க்பேட் என்பது லெனோவாவின் லேப்டாப் வரிசை; டி480 அதில் 2018-ல் வந்த மாடல். பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்கு மொத்தமாக வாங்கிக் கொடுத்து, மூன்று நான்கு வருஷத்தில் கழித்துவிடுவார்கள். அந்தச் சரக்கு துடைத்து, ஸ்டிக்கர் பிய்த்து, சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து சேரும். 2024 ஜூனில் எழும்பூரில் ரயில் இறங்கி, இருவரும் ஆட்டோ பிடித்துப் போனோம். ரிச்சி தெருவில் வெயிலை விடக் கூப்பிடுகிற குரல்தான் அதிகம். “அக்கா லேப்டாப்பா? வாங்க, பில்லோட தர்றோம், வாரண்டியோட தர்றோம்.” நான்கு கடை ஏறி இறங்கினோம்.

ஏன் குறிப்பாக டி480 என்று கேட்பீர்கள். இதற்கு முந்தைய டி470-ல் இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறை சிப். டி480-ல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுபோனதால், இந்த ஒரு எண் வித்தியாசம்தான் பழைய சந்தையில் விலையைத் தீர்மானிக்கிறது. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்கா, இது ரெண்டாயிரம் கம்மி” என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இன்னொரு காரணம், இதில் இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, கொள்ளளவு 24 வாட்-அவர். இன்னொன்று பின்பக்கம், கையாலேயே கழற்றி மாட்டலாம். வெளி பேட்டரியில் சின்னது 24, பெரியது 72. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி பேட்டரியை எடுத்து வேறொன்றைச் செருகலாம், மெஷின் அணையாது. அதுவரை உள்ளே இருப்பது தாங்கும். டி480-க்கு அடுத்து வந்த டி490-ல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். மெல்லிசு மோகம்தான், வேறென்ன.

முதல் கடையில் காட்டியது 1366-க்கு 768 பிக்சல் ஸ்க்ரீன். டி480-ல் இப்படியும் வந்தது, 1920-க்கு 1080-ம் வந்தது. மேலே மூடியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் என் மெய்ப்புக் கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் கொண்டு போயிருந்தேன். திறந்து, பத்து பாயின்ட் எழுத்தில் வைத்துப் பார்த்தேன். ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் கீழே ஒரு சின்னச் சாய்கோடுதான் வித்தியாசம்; அந்த ஸ்க்ரீனில் அந்தக் கோடு கரைந்து போயிற்று. மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற புள்ளி தூசா, புள்ளியா என்று துடைத்துப் பார்க்க வேண்டியதாக இருந்தது. என் தொழிலுக்கு இது ஆகாது. “கண்ணுக்கு நல்லாத்தானே இருக்கு மேடம்” என்றார் கடைக்காரர். இங்கிலீஷ் எழுத்துக்கு நல்லாத்தான் இருந்தது.

மூன்றாவது கடையில் 1080 ஸ்க்ரீனோடு ஒன்று கிடைத்தது. ஐ5, எட்டு ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 18,500 சொன்னார்கள். பழசு வாங்குவது சம்பந்தம் பேசுகிற மாதிரி. பையன் நல்லவன் என்று பெண் வீட்டில் வந்து மாப்பிள்ளை வீட்டார் அவர்களாகவே சொல்வதை நம்பக்கூடாது, தெருவில் விசாரிக்க வேண்டும். தம்பி மகன் விசாரித்தான். ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனான். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் வாங்கவே கூடாதாம். முந்தைய கம்பெனி போட்ட பூட்டு அது, எளிதில் எடுக்க முடியாது. கேட்கவில்லை, நல்லது. அப்புறம் கமாண்ட் விண்டோவில் ஏதோ ஒரு வரி அடித்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தான். “பேட்டரி ஆறு மணி நேரம் நிக்கும்கா” என்று கடைக்காரர் சொல்லி முடித்த கையோடு ஸ்க்ரீனில் எண் வந்தது: வெளி பேட்டரி பிறந்தபோது 72, இப்போது நிரம்பினால் 29. கடைக்காரர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார். பிறகு பரணில் இருந்து நான்கு பேட்டரி இறக்கி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, 58 காட்டியதைக் கொடுத்தார். விலை குறைக்கவில்லை. எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கடையில் ஏற்றிக் கொடுத்த விண்டோஸை அழித்தது. உள்ளே எதையெதையோ போட்டு, ஆக்டிவேட் செய்ததாகக் காட்டியிருந்தார்கள். இந்த மெஷின்கள் பெரும்பாலும் விண்டோஸ் உரிமத்தோடு விற்றவை. அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, புதிதாகப் போட்டால் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். என்னுடையது ஆயிற்று. கள்ளச் சாவி எதற்கு?

முதல் வாரமே செய்ய வேண்டிய இன்னொன்று, யுஎஸ்பி-சி துளையை ஆளும் தண்டர்போல்ட் சில்லுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளின், அதாவது ஃபர்ம்வேரின் அப்டேட். அந்தக் காலத்துத் திங்க்பேடுகள் பலவற்றில் இந்தச் சில்லின் பழைய ஃபர்ம்வேரால் யுஎஸ்பி-சி துளை வேலை செய்யாமல் போகலாம் என்று லெனோவாவே அறிவித்து அப்டேட் விட்டிருக்கிறது. சார்ஜ் ஏறுவதும் அந்தத் துளையில்தான் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய மெஷினை வாங்குகிறவர்கள் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. கடையில் யாரும் சொல்வதுமில்லை.

இனி கீபோர்டு. இதற்காகத்தான் வாங்கினேன், இதைப் பற்றித்தான் நிறையச் சொல்வேன்.

விசைகள் நடுவில் கொஞ்சம் குழிந்தவை. விரல் நுனி தானாகப் போய் உட்காரும். அழுத்தினால் இறங்குகிறது, இறங்கியது விரலுக்குத் தெரிகிறது. இந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் கண்ணாடி மேசையைத் தட்டுவது போல இருக்கும். மாலையானால் விரல் கணுக்கள் வலிக்கும். இதில் அந்த வலி இல்லை. நடுவில் ஜி, எச், பி விசைகளுக்கு இடையே சிவப்பாக ஒரு குமிழ். மவுஸுக்குப் பதில் அதை விரலால் தள்ளலாம். தமிழ்99-ல் அந்த இடம் எ, க, ங மூன்றுக்கும் நடு. முதல் வாரம் ‘க’ அடிக்கும்போதெல்லாம் ஆள்காட்டி விரல் குமிழில் உரசி எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வாரம் கை மவுஸுக்குப் போவதே நின்றது. மெய்ப்பு பார்க்கையில் கர்சரை ஒரு எழுத்து முன்னே, ஒரு எழுத்து பின்னே கொண்டுபோய்க்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுக்காமல் அதைச் செய்யலாம் என்பது எவ்வளவு மிச்சம் என்று மாதக் கடைசியில் தோள்பட்டை சொல்லும்.

தமிழ்99 தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க அடித்தாலும் அப்படியே. விண்டோஸ் 11-ல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும், தனியாக மென்பொருள் வேண்டாம். இத்தனை தானாகப் புள்ளி விழுந்தும் என் எஃப் விசை தேய்ந்ததென்றால், நான் எவ்வளவு அடித்திருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தொல்லை: இடது மூலையில் கண்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் விசை இருக்கிறது. முதல் நாள் காப்பி செய்ய அழுத்தியதெல்லாம் வீணாயிற்று. பயாஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்றினேன். விசையின் மேல் எழுத்து பழையபடிதான் இருக்கும்; வீட்டில் வேறு யாராவது உட்கார்ந்தால் திட்டுவார்கள்.

பேட்டரி பராமரிப்புக்கு நான் செய்வது ஒன்றுதான். லெனோவா வான்டேஜ் என்ற செயலியில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்திருக்கிறேன். நாள் முழுக்க வயரில் இருக்கிற மெஷினை நூறிலேயே வைத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை வரும். பேப்பரில் அறிவிப்பு பார்த்தால் முந்தின இரவு 100-க்கு மாற்றிவிடுவேன். இரண்டு பேட்டரியும் சேர்ந்து, வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால், எட்டு மணி நேரம் தட்டச்சுக்குத் தாங்குகிறது. பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் அலறும்போது நான் பாட்டுக்கு இரண்டாம் மெய்ப்பு முடித்துக்கொண்டிருப்பேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியைத் திறக்கிறேன். நானேதான். பயப்பட ஒன்றுமில்லை. முதலில் பயாஸுக்குள் போய் உள் பேட்டரியை முடக்கும் தேர்வை அழுத்த வேண்டும், அப்புறம் வெளி பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடிமூடித் திருகுகள் தளர்ந்தாலும் கீழே விழாது, மூடியோடே தொங்கும். இதை வடிவமைத்தவர் கட்டிலுக்கடியில் திருகு தேடிய ஆளாக இருக்க வேண்டும். சுற்றிலும் உள்ள பிடிகளை விடுவிக்க ஒரு பழைய ஏடிஎம் கார்டு போதும். முதல் முறை திறந்தபோது விசிறியில் கம்பளி மாதிரித் தூசு. அந்த கம்பெனிக்காரர் ஏசி அறையில்தான் வைத்திருந்திருப்பார், அப்படியும் இவ்வளவு. விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். பிடிக்காமல் ஊதினால் அது தறிகெட்டுச் சுற்றும். அதே நாள் காலியாக இருந்த இரண்டாவது ராம் துளையில் எட்டு ஜிபி சேர்த்தேன். பக்க அமைப்பு மென்பொருளில் நானூறு பக்கப் புத்தகம் திறந்தால் திக்கிக்கொண்டிருந்தது, அது நின்றது.

இரண்டாம் முறை திறந்தபோது எறும்பு. சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்தது என் தப்பு. முறுக்குத் தூள் எங்கே போகிறதோ அங்கே அதுகளும் போகும். இப்போது தட்டு வேறு அறையில்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கேமரா 720தான், ஜூமில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. ஸ்பீக்கர் அடியில் இருப்பதால் மடியில் வைத்தால் சத்தம் புடவைக்குள் போய்விடும். ஸ்க்ரீன் வெளிச்சம் வெயிலுக்கு ஆகாது. திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆசையை விட்டுவிட்டேன். 72 பேட்டரி அடியில் துருத்திக்கொண்டிருப்பதால் மெஷின் பின்பக்கம் தூக்கினாற்போல நிற்கும். எனக்கு அது தட்டச்சுக்கு வசதி, சிலருக்குப் பிடிக்காது. கனமும் உண்டு. பையில் போட்டு பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் இறங்கும்போது தோளில் பட்டையின் தடம் இருக்கும். கல்லூரிக்கு நடந்து போகிற பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மேசையில் உட்கார்ந்து எழுதுகிற, கணக்குப் பார்க்கிற, மொழிபெயர்க்கிற ஆளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை, பேட்டரி ரிப்போர்ட் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

டி470-க்கும் டி480-க்கும் ஒரே கீபோர்டுதான் பொருந்தும், தனியாகவே கிடைக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் ஒன்று 1,600 ரூபாய்க்கு வாங்கி, பீரோவில் பட்டுப்புடவைக்கு மேலே வைத்திருக்கிறேன். இன்னும் தேவைப்படவில்லை. எஃப் விசையில் எழுத்து மட்டும் லேசாக அழிய ஆரம்பித்திருக்கிறது.