நைலான் என்று தலையில் கட்டிய படகுக் கயிறு: மலேசியா, பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்

படகு கட்டக் கயிறு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு எஸ்டேட்டில் வேலை. லீவு நாளில் மீன் பிடிக்க 18 அடி ஃபைபர் படகு ஒன்று பெர்ணம் ஆற்று ஜெட்டியில் கட்டியிருக்கிறேன். டவுனில் ஒரு இரும்புக் கடையில் "படகுக்கு நைலான் கயிறு, 12 மில்லி" என்று தெளிவாகத்தான் கேட்டேன். வெள்ளை வெளேரென்று, கைக்கு மெத்தென்று ஒன்றை எடுத்துப் போட்டார். "நம்ம ஆளுண்ணே நீங்க, உங்களையா ஏமாத்துவேன்? அசல் நைலான்." விலையும் நைலான் விலை. ரசீதிலும் நைலான் என்றே எழுதினார்.

சில மாதத்திலேயே வெயில் படும் பக்கம் சொரசொரத்துப் போய், தடவினால் பொடிப் பொடியாக நார் கையில் ஒட்டியது. அப்புறம் ஒரு விடியற்காலை சுமத்ரா காற்று (மேற்கே கடல் பக்கமிருந்து திடீரென்று வரும் புயல்காற்று) அடித்ததில் முன்கயிறு அறுந்து, படகு சுழன்று ஜெட்டித் தூணில் மோதி ஓரம் பிளந்துவிட்டது. பின்கயிறு எப்படியோ தாங்கியது, இல்லாவிட்டால் படகே ஆற்றோடு போயிருக்கும்.

அறுந்த துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது! நைலான் தண்ணீரைவிடக் கனம், மூழ்கிவிடும். மிதப்பது பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக் கயிறு. பாலிப்ரோப்பிலீன் மலிவு, அதற்கு வெயில் ஆகவே ஆகாது. நைலான் நன்றாக நீண்டு கொடுக்கும்; அலையில் படகு வெட்டி இழுக்கும்போது அந்த வேகத்தைக் கயிறே வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தானே கூடுதல் காசு கொடுக்கிறோம். பாலியஸ்டரும் மூழ்கும், அவ்வளவு நீளாது, ஆனால் வெயிலை நன்றாகத் தாங்கும், படகு கட்ட அதுவும் பரவாயில்லை.

ஆகவே காசு கொடுக்கும் முன் ஒரு சிறு துண்டு கேளுங்கள். நுனியைப் பிரித்து, தண்ணீருக்குள்ளேயே பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்தால் அது நைலான் இல்லை. துண்டு தர மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். நல்ல கயிறே கிடைத்தாலும் தண்ணீர் ஏறி இறங்கும்போது ஜெட்டி விளிம்பில் உரசும், அந்த இடத்தில் பழைய ரப்பர் ஹோஸ் ஒரு துண்டை மாட்டிவிடுங்கள்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "பிளாஸ்டிக் கயிறு எல்லாத்தையும் இங்க நைலான்னுதாண்ணே சொல்றது. வெயில்ல போட்டா எந்தக் கயிறுதான் நிக்கும்?" என்றார். படகுக் கயிற்றைப் பின்னே பீரோவிலா பூட்டி வைப்பார்கள்? காசைத் திருப்பித் தரவும் மாட்டாராம்.

சரி, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்), வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 வருடத்துக்குள் மனு போட வேண்டும். ரசீதும் அறுந்த துண்டும் பத்திரமாக இருக்கின்றன. இந்தப் பக்கம் நைலான் என்று வாங்கியவர்கள் உங்கள் கயிற்றையும் வாளியில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள், ஆளுக்கொரு மனு போடுவோம்.